மேல் வீட்டுத் துணி

வா அம்மிணி. மேல போய்ப் பார்த்துட்டியா? ரெண்டு ரூம், ஹால், சமையக்கட்டு, காத்து வர்ற மொட்டை மாடி. அதுல என்ன இருக்கு, எல்லா வீட்டுலயும் இருக்கிறதுதான். வாடகையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். நீ முதல்ல இக்கட்டால, இந்தப் பக்கம் வா, இதைப் பாரு. இரு, லைட்டைப் போடறேன்.

எப்படி இருக்கு? போன வாரம் வீடு பார்க்க வந்த டீச்சரம்மா எட்டிப் பார்த்துட்டு, "பாத்ரூமாங்க?"ன்னு கேட்டாங்க. பாத்ரூமாம்! லாண்ட்ரி ரூம் அம்மிணி. துணி துவைக்கிறதுக்குன்னே ஒரு ரூம். இந்த ஈரோட்டுல எத்தனை வீட்டுல பார்த்திருப்பே?

மிஷினைத் தரையில வெக்கலை, பாரு. அடியில மேடை கட்டி, மேடைக்குள்ள டிராயர். இடுப்பு ஒடிய குனிய வேண்டாம். மேல கிரானைட் பலகை, துணி மடிக்கிறதுக்கு. அந்தக் கைப்பிடியை இழு. மெதுவா, மெதுவா. ஆங், அது அயர்ன் பண்ற பலகை. வேலை முடிஞ்சா மடிச்சு சுவத்தோட சுவரா விட்டுடலாம். அண்ணாந்து பாரு, கொடி. கயித்தை இழுத்தா இறங்கும், திருப்பி இழுத்தா ஏறும். மழைக் காலத்துக்கு அது. வெயில் காலத்துக்கு வெளிய ரெண்டு கொடி இருக்குது. சோப்புத்தூள், நீலம், கஞ்சிப்பவுடர் எல்லாம் கண்ணாடி ஜாடியில. ரெண்டு மூங்கில் கூடை. ஒண்ணு கீழ் வீட்டுக்கு, ஒண்ணு மேல் வீட்டுக்கு.

மேல் வீட்டுக் கூடை காலியாத்தான் கிடக்கு. அதுல ஒரு துணி விழுந்து பார்த்தவ இல்லை நான்.

யாரு இருந்தாங்கன்னா கேக்கறே? என்ற கொழுந்தனார் குடும்பம். ஏன் போனாங்கன்னு அடுத்தாப்பல கேப்பே. கேளு, தப்பில்லை. யார்கிட்டயாவது சொல்லணும் அம்மிணி, நெஞ்சு அடைக்குது. இந்தத் தெருவுல யார்கிட்டச் சொன்னாலும் பொழுது சாயறதுக்குள்ள கொழுந்தனார் சம்சாரம் காதுக்குப் போயிரும். நீ வெளியூரு. இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு சித்தே உக்காரு. மிஷின் ஓடற சத்தம் தொந்தரவில்லையே?

எங்கூட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து லுங்கி யாவாரம். அண்ணன் தம்பிக்குள்ள இன்னைய வரைக்கும் ஒரு சொல்லு இல்லை, அதையும் சொல்லிடறேன். தம்பி சம்சாரம் கோகிலா. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்போ சின்னப் புள்ளை. சேலைக்குக் கொசுவம் வெக்கத் தெரியாது, நாந்தான் வெச்சு விடுவேன். கூடப் பொறந்த தங்கச்சியாட்டம் வெச்சிருந்தேன். சாமி சத்தியமா. ஒரு கவலை அவ தலையில ஏத்த மாட்டேன். இன்னைக்கு என்ன கொழம்பு, எந்தக் கல்யாணத்துக்கு யாரு போறது, என்ன முறை செய்யறது, அவ பொறந்த வீட்டுக்கு எப்ப போய் எப்ப வர்றது, எல்லாம் நானே முடிவு பண்ணிடுவேன். அவ பொண்ணுக்குப் பேரு வெச்சதுகூட நாந்தான். தர்ஷினின்னு. அவ வேற ஏதோ பேரு நினைச்சு வெச்சிருந்தாளாம். என்னமோ பேரு, மறந்து போச்சு.

சொல்லு, இப்படி ஒரு ஓரகத்தி யாருக்குக் கிடைப்பா?

இந்த இடம் முன்னால பொடக்காலியாக் கிடந்தது. குளிக்க, துவைக்கன்னு வீட்டுக்குப் பின்னால விட்டிருந்த இடம். மேல சிமெண்ட் ஷீட்டு, கீழ பாசி புடிச்ச தரை, ஒரு துவைக்கிற கல்லு. மூலையில பழைய மிஷினு, அது தலையில ஒரு கிழிஞ்ச பெட்ஷீட்டு. காலை வெச்சா வழுக்கும். லைட்டைப் போட்டா கரப்பான் ஓடும். நாங்க ரெண்டு பேரும் எங்க பாதி ஆயுசை இதுக்குள்ளதான் கழிச்சோம்.

என்ற அண்ணன் மவ கோயமுத்தூர்ல புது வீடு கட்டிக் குடி போனா. வந்த சொந்தக்காரங்க, ஒறம்பரை சனம் பூராவும் ஹாலைப் பார்க்குது, பூஜை ரூமைப் பார்க்குது. நானும் கோகிலாவும் அவங்க லாண்ட்ரி ரூம்ல போய் நின்னவங்க நின்னவங்கதான். கோகிலா அந்தப் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தா. பஸ்ல திரும்பி வர்றப்போ நான் சொன்னேன், "கோகி, நம்ம பொடக்காலியை இடிச்சுட்டு இதே மாதிரி கட்டறோம்." அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சுன்னு நினைச்சேன்.

அப்புறம் ரெண்டு மாசம். அம்மிணி, அந்த ரெண்டு மாசத்தை நான் என்னன்னு சொல்ல. காலையில ஆம்பளைங்க கடைக்குப் போனதும் நாங்க கிளம்பிடுவோம். டைல்ஸ் கடை, குழாய்க் கடை, கிரானைட் கடை. போன்ல படம் பார்த்துப் பார்த்து, பழைய காலண்டர் தாளு பின்னால அவ வரைவா. நல்லா வரைவா தெரியுமா? எனக்கு அதுவரைக்கும் தெரியாது. மிஷின் இங்க வரணும், தண்ணி போறதுக்கு வாட்டம் அக்கட்டால வரணும், ஜன்னலைக் கொஞ்சம் ஏத்தி வெச்சா வெளிச்சம் நேரா பலகை மேல விழும்னு எல்லாம் சொல்லுவா. சொன்னதை எல்லாம் நான் மேஸ்திரிகிட்டச் சொல்லுவேன்.

டைல்ஸ் எடுத்த அன்னைக்கு அவ மஞ்சள் கேட்டா. எலுமிச்சம்பழத் தோலு மாதிரி ஒரு இளமஞ்சள். நான் நீலம்தான் எடுப்பா இருக்கும்னேன். ரெண்டு பேரும் கலந்து பேசி நீலம் எடுத்தோம்.

அன்னைக்கு வெயில்ல அலைஞ்ச களைப்புல ஒரு ஓட்டல்ல போய் உக்காந்தோம். ஆம்பளைங்க இல்லாம, புள்ளைங்க இல்லாம, நாங்க ரெண்டு பேர் மட்டும் ஓட்டல்ல சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. நெய் ரோஸ்ட்டு. டேபிளு கொள்ளாத நீளத்துக்குக் கொண்டாந்து வெச்சான். அதைப் பார்த்து அவளுக்கு ஒரு சிரிப்பு வந்துச்சு பாரு, அடக்க முடியலை. எனக்கும் தொத்திக்கிச்சு. பரிமாறுற ஆளு, "அக்கா தங்கச்சிங்களா?"ன்னு கேட்டான். நாங்க ஆமான்னு சொல்லிட்டோம்.

அப்பவே அவ மனசுல வீட்டை விட்டுப் போறது இருந்திருக்கு. வாயில ரோஸ்ட்டு, மனசுல அது. நினைச்சா வயிறு எரியுது.

இல்லை, சண்டை ஒண்ணும் நடக்கலை. எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. ஒரு சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. புது மிஷின் வந்து இறங்கி முதல் தடவை ஓட்டின அன்னைக்கு ஒரு சின்ன விசயம். சண்டைன்னே சொல்ல முடியாது. தர்ஷினி காலேஜ் விட்டு வந்தவ, அவ துணியெல்லாம் வாரிக் கொண்டாந்து மிஷினுக்குள்ள போட்டுட்டா. அவளுக்கு அந்த நேரம். எனக்குத் தெரியும், வீட்டுப் பொம்பளைக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் கத்தலை. மெதுவாத்தான் சொன்னேன். "கண்ணு, அந்த நாள் துணியெல்லாம் புது மிஷின்ல போடக்கூடாது. எடுத்துப் பின்னால குழாயில தனியா அலசிப் போடு"ன்னு. மேஸ்திரி நின்னாரு, மிஷின் மாட்ட வந்த ஆளுங்க நின்னாங்க, அதனாலதான் 'அந்த நாள் துணி'ன்னு நாசூக்காச் சொன்னேன். அந்தப் புள்ளை மூஞ்சியெல்லாம் செவந்து, துணியை வாரி மாரோட அணைச்சுக்கிட்டு மேல ஓடிட்டா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு எதைச் சொன்னாலும் ரோசம்.

மிஷினுக்கு உள்ள ஒரு சாக்ஸ் தங்கியிருந்தது. கோகிலா அதை எடுத்துக் கையில புடிச்சுட்டு நின்னா. அப்புறம் மாடி ஏறிப் போயிட்டா. மறுநாள் காலையில கதவுக்குக் கைப்பிடி வாங்க என்கூடக் கிளம்பி வந்தாளே! கோபம் இருந்தா வருவாளா? நீயே சொல்லு.

எல்லா வேலையும் முடிஞ்சு, சாமி கும்பிட வெள்ளிக்கிழமை நாள் பார்த்தாச்சு. வேலை முடியற அன்னைக்குக் குருசாமி மேஸ்திரி இந்தக் கொக்கியை மாட்டிக்கிட்டே பேச்சு வாக்குல சொல்றாரு. "பெரியக்கா, இங்க ஜோலி முடிஞ்சுது. நாளைக்கே சின்னக்கா ஃபிளாட்டுல கை வெச்சாத்தான் பால் காய்ச்சறதுக்குள்ள முடிக்க முடியும்."

எனக்குப் புரியலை. எந்தச் சின்னக்கான்னு கேக்க வாயைத் திறந்தேன். சட்டுனு புரிஞ்சு போச்சு. ஆனா நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சிரிச்சேன் அம்மிணி. "ஆமாமா, சீக்கிரம் முடிங்க"ன்னேன். தெரிஞ்ச மாதிரியே. வேலைக்கு வந்தவங்க முன்னால என் மானத்தை விட முடியுமா?

மேஸ்திரி போனதும் இந்தப் பலகையைப் புடிச்சுட்டு நின்னேன்.

மத்தியானம் எங்கூட்டுக்காரரு சாப்பிட வந்தாரு. சோத்தைப் போட்டுட்டு, "கோகிலா ஃபிளாட்டு வாங்கியிருக்காளாமே?"ன்னேன். கையி சோத்துல அப்படியே நின்னுச்சு. அதுலயே தெரிஞ்சு போச்சு. பெருந்துறை ரோட்டுல வாங்கியிருக்காங்க. பத்திரம் பதிஞ்ச அன்னைக்குச் சாட்சிக் கையெழுத்து போட்டதே இவருதான்! பெங்களூர்ல இருக்கிற என்ற பையனுக்குத் தெரியும். தர்ஷினிக்குத் தெரியும். கடைப் பையன் வரைக்கும் தெரியும். இந்த வீட்டுல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியலை.

"ஏன் என்கிட்டச் சொல்லலை?"ன்னேன்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலை, கலாமணி. உன்கிட்ட ஒண்ணு சொல்றதுன்னா எல்லாருக்கும் ஒரு பயம்"னாரு.

பயமாம்! நான் என்ன பேயா பிசாசா? இருபத்து நாலு மணி நேரமும் இவங்களுக்காகவே சாகிறவ நான், என்னைக் கண்டு பயமாம்! அன்னைக்கு அவருக்கு ரசம் ஊத்தலை நான்.

அவளா வந்து சொல்லட்டும்னு காத்திருந்தேன். சொல்லலை. வெள்ளிக்கிழமை வந்துச்சு. ஒறம்பரையெல்லாம் வந்தாச்சு, கோயமுத்தூர்ல இருந்து அண்ணன் மவளும் வந்தாச்சு. கோகிலா தலைக்குக் குளிச்சு, புதுச் சேலை கட்டி, மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு செவ்வந்திப் பூவா வெச்சுட்டு இருக்கறா. முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். எனக்குப் பொறுக்க முடியலை. அத்தனை பேர் நடுவுல, கற்பூரத் தட்டைக் கையில வெச்சுட்டு, "கோகிலா, உன்ற வீட்டுக்கு எப்ப பால் காய்ச்சறே?"ன்னு கேட்டுட்டேன்.

கொழுந்தனார் செவுத்தைப் பார்க்கறாரு. இவரு வெளிய போயிட்டாரு. கோகிலா கையில இருந்த பூவை வெச்சு முடிச்சா. ஒண்ணு மட்டும் பாக்கி இருந்தது, அதையும் வெச்சா. அப்புறம், "ஆவணியில, அக்கா. உங்களை வெச்சுத்தான்"னா.

சனமெல்லாம் சாப்பிட்டுக் கலைஞ்சப்புறம் அவளை இங்க கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். நீ உக்காந்திருக்கியே, அந்த ஸ்டூல்லதான் அவ உக்காந்திருந்தா.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"ன்னேன்.

"சொல்லணும்னு தினமும் நினைப்பேன்க்கா. காலையில இறங்கி வர்றப்போ இன்னைக்குச் சொல்லிடணும்னு நினைச்சுட்டுத்தான் வருவேன். நீங்க செருப்பைப் போட்டுட்டு, 'கோகி, கிளம்பு'ம்பீங்க. அதோட வாய் வராது."

"போறவளுக்கு இந்த ரூம் எதுக்கு? எதுக்கு என்கூட அலைஞ்சே, எதுக்கு வரைஞ்சே? என்னை வெச்சு விளையாடினியா?"

"இல்லைக்கா. அந்த ரெண்டு மாசம்தான் நாம நல்லா இருந்தோம். நான் ஒண்ணு சொன்னா நீங்க திரும்பிப் பார்த்துக் கேட்டீங்க. அதைக் கெடுத்துக்க மனசு வரலை."

அந்த ரெண்டு மாசம்தான் நல்லா இருந்தோமாம். அப்ப மீதி வருசமெல்லாம்? நான் கேட்டேன், விடுவேனா? "உனக்கு இங்க என்ன குறை? ஒண்ணே ஒண்ணு சொல்லு பார்க்கலாம்"னேன்.

பெருசா என்னமோ சொல்லப் போறான்னு பார்த்தா, என்ன சொன்னா தெரியுமா? "நான் வந்ததுல இருந்து என்ற சேலை ஒண்ணுகூட வெயில்ல காஞ்சதில்லைக்கா"ன்னா.

சேலை! எனக்குச் சிரிக்கிறதா அழுவறதான்னு தெரியலை. வெளிய ரெண்டு கொடின்னு சொன்னேன்ல, கிழக்கால கொடியில நல்லா வெயில் விழும், அது கீழ் வீட்டுக்கு. செவுத்தோரக் கொடி மேல் வீட்டுக்கு. அது மாமியார் இருந்த காலத்துல இருந்தே அப்படி. மூத்தவங்க துணி முதல்ல, எளையவங்க துணி அடுத்தது. அதுவும் அவ நல்லதுக்குத்தான் அம்மிணி. வெயில்ல போட்டா சாயம் வெளுத்துப் போயிராதா? அதுக்குத்தான் நிழல்ல போடச் சொன்னேன். "ஒரு கொடிக்காகவாடி குடும்பத்தைப் பிரிக்கறே? சொல்லியிருந்தா கொடியை விட்டுக் குடுத்திருக்க மாட்டேனா?"ன்னு கேட்டேன்.

"கேட்டேன்க்கா, ஒரு தடவை. தர்ஷினி கைப்புள்ளையா இருந்தப்போ. அவ துணியெல்லாம் ஈர வாடை அடிக்குது, ஒரு நாளைக்கு மட்டும் கிழக்கால போட்டுக்கறேன்னு"ன்னா.

எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லை. அவ சும்மா சொல்றா. அப்படியே கேட்டிருந்தாலும் நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?

"நான் என்ன சொன்னேனாம்?"னு கேட்டேன். அவ சொல்லலை. "அதை விடுங்கக்கா"ன்னு எந்திரிச்சு என் கையைப் புடிச்சா. நான் உதறிட்டேன். பின்னே? மாடிப்படியில பாதி ஏறி நின்னு ஒரு தடவை திரும்பிப் பார்த்தா. நான் கதவைச் சாத்திட்டேன்.

ஆவணியில போயிட்டாங்க. பால் காய்ச்சறதுக்கு நான் போனேன். ஊரு ஒண்ணு சொல்லக்கூடாதுல்ல, அதுக்காகப் போனேன். என்னைத்தான் முதல்ல உள்ள கூட்டிட்டுப் போனா, பாலை என்னைத்தான் ஊத்தச் சொன்னா. எல்லாம் நடிப்பு. சாப்பாட்டுக்கு முன்னால என் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போறா, "அக்கா, இதைப் பாருங்க"ன்னு. சமையக்கட்டுக்குப் பின்னால ஒரு பால்கனி. அங்க பார்த்தா, மேடை, மேடைக்குள்ள டிராயர், மடக்குற பலகை, இழுக்குற கொடி, கண்ணாடி ஜாடி. அப்படியே இதேதான்! சின்னதா, அவ்வளவுதான் வித்தியாசம். டைல்ஸ் மட்டும் அந்த மஞ்சள். வெயில் வேற நேரா வந்து அடிக்குது, கண்ணு கூசுது. கூடை ஒண்ணே ஒண்ணு.

"நம்ம ரூம் மாதிரியே பண்ணிட்டேன்க்கா"ன்னா.

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். "நம்ம ரூம் இல்லை, என்ற ரூம்"னு சொல்லிட்டு, இலையில உக்காராம வந்துட்டேன். என் யோசனையெல்லாம் திருடிட்டுப் போய்க் கட்டி, என்கிட்டயே காட்டறான்னா எத்தனை தைரியம்? வரைஞ்சது அவதான், அது சரி. ஆனா வரையச் சொன்னது யாரு?

இப்ப இவரு ஞாயித்துக்கிழமையானா தம்பி வீட்டுக்குப் போயிடறாரு. அங்கதான் சாப்பாடு. வர்றப்போ எனக்குத் தூக்குல என்னமாச்சும் குடுத்து விடறா. நான் தொடறதில்லை. சரி, ஒரு தடவை ஆப்பம் மட்டும் சாப்பிட்டேன், வீணாப் போகக்கூடாதுன்னு.

முந்தாநேத்து போன் பண்ணினா. அத்தனை மாசத்துக்கு அப்புறம் முதல் தடவை. நான் இங்கதான் நின்னுட்டு இருந்தேன். "அக்கா, எங்க அபார்ட்மெண்ட்ல மோட்டார் கெட்டுப் போச்சு, ரெண்டு நாளாத் தண்ணியில்லை. துணியெல்லாம் குமிஞ்சு கிடக்குது. கொண்டாந்து நம்ம வீட்டுல போட்டுக்கட்டுமா?"ன்னா. குரலு அப்படியே பழைய குரலு.

வான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமா. ஆனா வாயில இருந்து, "மிஷின் ரிப்பேரு, ஓடறதில்லை"ன்னுதான் வந்துச்சு.

சொல்றப்போ மிஷின் ஓடிட்டு இருந்தது அம்மிணி. இப்ப ஓடுதே, இதே மாதிரி. கடைசிச் சுத்து, வேகமாச் சுத்தறது. போன்ல நல்லாக் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரம் அவ பேசலை. நானும் பேசலை. மிஷின் மட்டும் ஓடிட்டு இருந்துச்சு. அப்புறம், "சரிங்கக்கா"ன்னு வெச்சுட்டா.

பாரு, மிஷின் சத்தம் அவ காதுக்குக் கேட்டுச்சுல்ல? "ஏன்க்கா பொய் சொல்றீங்க, சத்தம் கேக்குதே"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? திட்டியிருக்கலாம்ல? கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டிட்டு, கொண்டா உன்ற துணியைன்னு சொல்லியிருப்பேன். கேக்க மாட்டா. அப்படி ஒரு அழுத்தக்காரி. அவகூட இத்தனை வருசம் இருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.

என்ன, எந்திரிச்சுட்டே? யோசிச்சுச் சொல்றியா? எல்லாரும் அதைத்தான் சொல்லிட்டுப் போறாங்க. சரி, யோசிச்சே சொல்லு. ஆனா வந்தது வந்தே, ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போ. பாலு காயட்டும். அதுக்குள்ள இந்த மிஷினும் நின்னுடும். இது நின்னதுக்கப்புறம் இந்த வீட்டுல ஒரு சத்தம் இருக்காது, அம்மிணி. உக்காரு.